ஒரு படி தவிடு

என் கறுப்புக் கோட்டைப் பார்த்துப் பயந்த கட்சிக்காரர்கள் உண்டு. எழுந்து நின்று கும்பிட்டவர்களும் உண்டு. ஆனால் என் வெள்ளைக் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்து வாயில் போட்டுச் சப்பிய கட்சிக்காரன் ஒருவன்தான். அப்போது அவனுக்கு ஏழெட்டு மாதம் இருக்கும்.

பொன்னேரி நீதிமன்றத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் என் அலுவலகம். கோர்ட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தேன். மேஜைமேல் கேஸ் கட்டுகளுக்கு நடுவே அவனை உட்காரவைத்து, ஒரு கையால் முதுகைத் தாங்கிக்கொண்டு நின்றாள் எஸ்தர். அறை முழுக்கப் பவுடர் வாசனையும் கக்கிய பால் வாசனையும். பட்டை முழுக்க எச்சில்.

"டேய் தவுடு, உடுறா. மேடம் கோர்ட்டுக்குப் போவ வேணாமா?"

"பேரே தவுடா?" என்றேன்.

"சர்ச்சுல வெச்ச பேரு ஆல்வின் மேடம். தெருவுல எல்லாரும் கூப்புடறது தவுடு."

போன வாரம் இந்தத் தொடரைக் கவரைப்பேட்டை அண்ணன் தம்பிகளின் வரப்புத் தகராறில் நிறுத்தியிருந்தேன். அவர்கள் இன்னும் ஒரு வாரம் அடித்துக்கொண்டிருக்கட்டும், ஒன்றும் குடி முழுகிவிடாது. இந்த ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டியில் ஒரு பிறந்தநாளுக்குப் போய்வந்தேன். அதிலிருந்து வேறு எதையும் எழுத ஓடவில்லை.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். தவுடு என்பதை மட்டும் மாற்றவில்லை. அதை மாற்றினால் சொல்வதற்கு ஒன்றுமே மிஞ்சாது. அவனுடைய அம்மாக்கள் இருவரும் சரி என்று சொல்லிவிட்டார்கள்.

"ஒரு பத்திரம் போட்டுக் குடுங்க"

எஸ்தரின் கணவர் அந்தோணி கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலையில் வேலை பார்க்கிறவர். அவருடைய அப்பா காலம்வரை ஊரார் வயலில் கூலிக்கு நாற்று பிடுங்கிய குடும்பம். அன்று நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணும் பெரிய வேல இல்ல மேடம். ஸ்டாம்பு பேப்பர்ல ஒரு பத்திரம் போட்டுக் குடுங்க. இந்தப் புள்ளய நாங்க தத்து எடுத்துக்கினோம்னு. கம்பெனியில ஈஎஸ்ஐ கார்டுல அவன் பேர சேக்கணும். சளி புடிச்சா ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனா, புள்ள யாருதுன்னு கேக்கறாங்கோ."

"பிள்ளை என்ன அரை கிரவுண்டு மனையா, பத்திரம் போட்டு எழுதி வாங்க?" என்று எரிந்து விழுந்தேன். இப்படிக் கேட்டு வருகிறவர்கள் எனக்குப் புதிதில்லை. நிலத்துக்குப் பத்திரம், வண்டிக்குப் பத்திரம், அப்படியே குழந்தைக்கும். நோட்டரி முத்திரை குத்திவிட்டால் தாய்மை கைமாறிவிடும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள்.

"எங்கிருந்து வந்தான் இவன்?" என்று கேட்டேன்.

எஸ்தர் எதையும் மறைக்கவில்லை. அவர்கள் தெருவில் இருக்கும் ஓர் அம்மாளுக்கு அண்ணன் மகள் ஒருத்தி. பெயர் செல்வி. பள்ளிப்பட்டுப் பக்கம். சிப்காட்டில் மின்சாதன பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை, கம்பெனி விடுதியில் வாசம். கல்யாணம் ஆகவில்லை. கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றவன், விஷயம் தெரிந்ததும் போனை அணைத்துவிட்டு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டான். அவளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டு, அரசு மருத்துவமனையில் பிரசவம் பார்த்து, குழந்தையை அதே தெருவில் பிள்ளையில்லாமல் இருந்த எஸ்தரிடம் கொடுத்துவிட்டாள் அத்தை.

"சும்மா தூக்கிக் குடுக்கல மேடம்," என்றார் அந்தோணி அவசரமாக. "முறையாத்தான் நடந்துச்சு. அம்மன் கோயில் வாசல்ல, தெருவே பாக்க, தவுட்டுக்கு வாங்கினோம்."

எங்கள் வீட்டுத் தவுடு

தவிட்டுக்கு வாங்குவது என்றால் என்ன என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலேயே ஒரு தவுடு இருந்தார். என் பெரியப்பா.

ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் விளைகிற ஊர் எங்களுடையது. பெரியப்பாவுக்கு முன்னால் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. அதனால் அவர் பிறந்ததும், எங்கள் வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் தவிட்டுக்கு விற்றார்கள். விற்றது என்றால் கொடுத்துவிடுவதில்லை. அவள் முறத்துத் தவிட்டைக் கொட்டுவாள், பிள்ளையை மடியில் வாங்குவாள், சற்று நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவாள். இது அவர்கள் பிள்ளை இல்லை, தவிட்டுக்குப் போன பிள்ளை என்று எமனுக்குக் கணக்குக் காட்டுகிற வேலை. பிள்ளை பெற்றவளிடமே வளரும். பேச்சுக்கு மட்டும் அவளுக்குச் சொந்தம்.

பெரியப்பா அவளைத் தவிட்டம்மா என்று கூப்பிடுவார். பொங்கலுக்குப் பொங்கல் புடவை எடுத்துக் கொடுப்பார். கொடுப்பது தோட்டத்து வாசலில். அவள் வீட்டுக்குள் வந்து நான் பார்த்ததே இல்லை. எமனை ஏமாற்ற அவள் மடி வேண்டியிருந்தது, ஆனால் கூடத்தில் ஒரு பாயைப் போட்டு உட்காரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

செல்வியின் அத்தை அந்தச் சடங்கில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாள். காசு வாங்கினால் பாவம், கேசும் ஆகும்; தவிடு வாங்கினால் ஒரு தோஷமும் இல்லை என்பது அவள் கண்டுபிடிப்பு. எஸ்தரும் சர்ச்சுக்குப் போகிறவள்தான். இருந்தாலும் பிள்ளைக்காகக் கோயில் வாசலில் போய் நின்றாள். தவிட்டைக் கொட்டினார்கள், பிள்ளையை வாங்கினார்கள். திருப்பிக் கொடுக்கிற மீதிப் பாதி நடக்கவில்லை.

ஊரே பார்த்தது, அதனால் இதுதான் சட்டம் என்று அத்தனை பேரும் நம்பிவிட்டார்கள்.

எஸ்தர் சொன்னது

கோர்ட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இருந்தும் உட்காரவைத்துச் சொன்னேன். இந்துக்களுக்கு, பெற்றவர் கொடுத்து எடுப்பவர் வாங்குகிற தத்துக்கு ஒரு தனிச் சட்டம் இருக்கிறது, அதற்கும் ஆயிரம் நிபந்தனை. கிறிஸ்தவர்களுக்கு அந்த வழி கிடையாது. எல்லாருக்கும் பொதுவான வழி ஒன்று உண்டு. பெற்றவள் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் வந்து, தன் வாயால் சொல்லி ஒப்படைக்க வேண்டும். மனசு மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ள அவளுக்கு இரண்டு மாதம் உண்டு. அதற்கு அப்புறம் அந்தக் குழந்தை, பெயர் பதிந்து வரிசையில் காத்திருக்கிறவர்களுக்குப் போகும். அந்த வரிசை நாடு முழுக்க நீள்கிறது.

"புள்ளய தூக்கறதுக்கும் மதம் கேப்பாங்களா மேடம்?" என்றாள் எஸ்தர்.

பிறகு அவளே கேட்டாள். "அப்பிடிப் போனா, தவுடு எங்களுக்கே கெடைப்பானா?"

"சொல்ல முடியாது."

"கெடைக்காமயும் பூடுமா?"

"பெரும்பாலும் கிடைக்க மாட்டான். நீங்க வரிசையிலேயே இல்லை. நான் வாதாடிப் பார்ப்பேன். ஆனா பொய்யா நம்பிக்கை கொடுக்க மாட்டேன்."

அந்தோணி தலையைத் தூக்கினார். "எங்க மில்லுல ஒருத்தரு சொன்னாரு மேடம். எஸ்தரே பெத்தா மாதிரி பர்த் சர்டிபிகேட்டு வாங்கித் தர்றதுக்கு ஆளு கீதாம். எதுக்கு இவ்ளோ பேஜாரு? யாருக்குத் தெரியப்போவுது?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அது ஜெயிலுக்குப் போகிற வேலை என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் எஸ்தர் பேசிவிட்டாள். சத்தம் போடவில்லை. குழந்தையின் வாயிலிருந்து என் பட்டையை மெல்ல உருவி, முந்தானையால் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"நானும் மூணு பெத்தவதான் மேடம். ஒண்ணுகூட அழுவல. பொறக்கும்போதே உசுரு இல்ல. இன்னிக்கி வரிக்கும் தெருவுல என்னப் பெறாதவன்னுதான் சொல்றாங்கோ. பெத்தேன், நான் பெத்தேன்னு எத்தினி பேருகிட்ட கத்தறது? இப்ப இவன நான் பெத்தேன்னு எழுதிக்கினா, அந்தப் பொண்ணு செல்வி பெறாதவ ஆயிடுவா. எனக்கு நடந்தத நானே இன்னொருத்திக்குப் பண்ணுவனா? வேணாம். இன்னா ஆனாலும் நேராவே போலாம்."

சட்டம் படித்து இத்தனை வருஷம் கோர்ட்டில் கத்திய எனக்கு, போலிச் சான்றிதழ் ஏன் தப்பு என்றால் பிரிவு எண் சொல்லத்தான் தெரியும். அது ஒரு பெண்ணின் பிரசவத்தையே இல்லாமல் ஆக்குகிற காரியம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அந்தோணி எழுந்து மேஜைமேலிருந்த பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "இவ சொன்னா சொன்னதுதான் மேடம். எப்ப போவணும்?" என்றார்.

"நல்ல தவுடு மேடம்"

திருவள்ளூரில் குழு கூடும் அறை சின்னது. மூலையில் பிளாஸ்டிக் பொம்மைகள் ஒரு கூடை நிறைய. தலைவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. கண்ணாடிக்கு மேலே பார்க்கிற பழக்கம் உள்ளவர். எஸ்தர், அந்தோணி, தவுடு ஒரு பக்கம். செல்வியும் அத்தையும் மறுபக்கம். செல்வி கம்பெனிச் சீருடையிலேயே வந்திருந்தாள். குழந்தையைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தலைவர் அந்தோணியிடம் கேட்டார். "குழந்தையை வாங்கினதுக்குப் பதிலா ஏதாவது கொடுத்தீங்களா?"

அந்தோணி நிமிர்ந்து நின்று, "குடுத்தோம் மேடம்," என்றார்.

குழந்தையை விற்பதும் வாங்குவதும் கம்பி எண்ண வைக்கிற குற்றம். 'பதிலுக்குக் கொடுத்தோம்' என்று ஆளே எழுந்து ஒப்புக்கொண்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

"என்ன கொடுத்தீங்க?"

"தவுடு மேடம். ஒரு படி. மாட்டுத் தீவனக் கடையில வாங்கினேன். கலப்படம் இல்ல, நல்ல தவுடு மேடம்."

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த உறுப்பினர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கு ஊர் வேறு பக்கம். நான் துள்ளி எழுந்தேன். சட்டம் எதுவும் பேசவில்லை. பெரியப்பாவைப் பற்றிப் பேசினேன். எமன், முறம், பொங்கல் புடவை எல்லாவற்றையும் சொன்னேன். தவிடு விலை இல்லை, சாமிக்குச் சொல்கிற சாக்கு என்று மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன்.

தலைவர் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தத் தவிட்டை யார் மடியில வாங்கினாங்க?"

அத்தை முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். அதுவரை வாய் திறக்காத செல்வி தலையைத் தூக்கினாள்.

"அத்த வாங்கிச்சு மேடம். என் கை சும்மாதான் இருந்துச்சு. நைனாக்குத் தெரிஞ்சா வெட்டிப் போட்ருவாருன்னு சொல்லிச்சு, கம்முனு நின்னேன். குடுக்கறியான்னு என்ன ஒருத்தரும் கேக்கல."

"இப்போ நான் கேக்கறேன். உனக்கு என்னம்மா வேணும்?"

"தெரில மேடம். கேட்டதே இப்பத்தான. யோசிச்சு சொல்றேன்."

அவளுக்கு யோசிக்க அவகாசம் கொடுத்தார்கள். அதுவரை குழந்தை அரசு அங்கீகரித்த தத்து மையத்தில் இருக்கும் என்று உத்தரவு. எஸ்தர் தம்பதிமேல் வழக்கு வேண்டாம், தாங்களாகவே வந்தவர்கள் என்று குழு முடிவு செய்தது. நான் பெருமூச்சு விட்டேன். எஸ்தர் விடவில்லை. அவளுக்கு அந்த உத்தரவில் ஒரே ஒரு வரிதான் காதில் விழுந்திருந்தது.

தாழ்வாரத்தில் வைத்துப் பிள்ளையை மையத்து ஆயாவிடம் கொடுத்தாள். அவன் வீறிட்டு அழுதான். அந்தோணி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எஸ்தர் அழுதுகொண்டே, ஆனால் நேராகப் போய் செல்வியின் முன்னால் நின்றாள். அடிக்கப்போகிறாளோ என்று பயந்துபோனேன்.

"காதத் தடவிக் குடுத்தாத்தான் தூங்குவான். எடது காது. வலது காதத் தடவுனா இன்னும் அழுவான். தெரிஞ்சு வெச்சுக்க," என்றாள்.

செல்வி அப்போதுதான் முதல்முறையாக அழுதாள். நான் கார் கண்ணாடியைத் துடைப்பதுபோல் என் கண்ணாடியை ஏழெட்டுத் தடவை துடைத்தேன். கையில் இருப்பதைப் பறிகொடுக்கிற நேரத்தில், எடுத்துப் போகக்கூடியவளுக்குப் பிள்ளை வளர்க்கச் சொல்லிக்கொடுக்க ஒரு மனசு வேண்டும். எனக்கு அந்த மனசு இல்லை, சத்தியமாக இல்லை.

ஜன்னல் ஓரம்

செல்வி தன் வார விடுமுறையில் மையத்துக்குப் போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்று அனுமதி. முதல் தடவை போக அவளுக்குப் பயம், தன்னிடம் வருவானோ மாட்டானோ என்று. யாரைத் துணைக்குக் கூப்பிட்டாள் தெரியுமா? எஸ்தரை.

இவளும் போனாள். பெரியபாளையம் வழியாகப் பஸ்ஸில் இரண்டு பேரும். உள்ளே தாய்க்கு மட்டும்தான் அனுமதி. எஸ்தர் கேட்டுக்கு வெளியே நுங்கு விற்கிறவர் பக்கத்தில் நின்றிருக்கிறாள். செல்வி திரும்பி வந்து சொன்ன முதல் வார்த்தை, "எடது காதுதான்க்கா." திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை எஸ்தருக்குக் கொடுத்துவிட்டு, வழி நெடுக அவன் என்னென்ன செய்தான் என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள். இதெல்லாம் பிறகு எஸ்தர் என்னிடம் சொன்னது.

அவகாசம் முடிவதற்குள் ஒரு காலை எஸ்தரிடமிருந்து போன்.

"மேடம், செல்வி அவனத் தூக்கிக்கிறாளாம். கமிட்டியில சொல்லிட்டாளாம்."

பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"நல்லதுதான மேடம்," என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அன்று முழுக்க அவள் கதவைத் திறக்கவில்லை என்று அந்தோணி சொன்னார். மறுநாள் தவுடுவின் துணியையெல்லாம் வெந்நீரில் அலசி, காயவைத்து, மடித்து, ஒரு பையில் போட்டுச் செல்வியிடம் கொடுத்திருக்கிறாள். எல்லா வழக்கும் இப்படிப் போவதில்லை. வரிசையில் காத்திருந்தவர்கள் வீட்டுக்குப் போய் ராஜா மாதிரி வளர்கிற பிள்ளைகளையும் நான் அறிவேன். அதுவும் நியாயம்தான். ஆனால் அன்றைக்கு எஸ்தரை நினைத்துச் சட்டத்தின்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

செல்வி விடுதியை விட்டு, அதே தெருவில் ஒரு அறை வாடகைக்கு எடுத்தாள். அத்தை பேசுவதில்லை. பள்ளிப்பட்டில் அப்பாவும் இன்னும் பேசவில்லை. அவள் அசையவில்லை. பிள்ளையின் பெயரைத் தன் சொந்த ஈஎஸ்ஐ கார்டில் சேர்த்தாள். பிறகு ஒருநாள் எஸ்தர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"நான் ஷிப்டுக்குப் போனா இவன யாருக்கா பாத்துக்கறது?"

"இதக் கேக்கறதுக்கா இத்தினி நாளு?" என்று கத்தினாளாம் எஸ்தர்.

பாய்

ஞாயிற்றுக்கிழமை போன பிறந்தநாள் தவுடுவினுடையதுதான். செல்வியின் ஒற்றை அறை, சுவரில் பலூன்கள், கேக்கில் கார் படம். எஸ்தர் இடுப்பில் அவன், கண்ணுக்கு மை, கன்னத்தில் பொட்டு. எப்படி இருக்கிறாய் என்று எஸ்தரைக் கேட்டேன்.

"சாய்ங்காலம் அவ வந்து இவனத் தூக்கினு போறா பாருங்கோ, அப்ப தெனம் வலிக்கும் மேடம். காலையில கொணாந்து வுடுவா. சரியாப் பூடும்."

கேக் வெட்டியானதும் செல்வி மூலையிலிருந்து ஒரு பழைய படியை எடுத்தாள். ஒரு கவர் தவிடு. எஸ்தர் முகம் மாறிப்போனது.

"இதெதுக்குடி திரும்ப?"

"அன்னிக்கி அத்த மடியில கொட்டுன. இப்ப எம்மடியில கொட்டுக்கா. நானா கேக்கறேன்." தரையில் உட்கார்ந்து முந்தானையை விரித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மேடம், இது செல்லுமா?"

"செல்லாது," என்றேன். "எந்தக் கோர்ட்டிலும் செல்லாது."

"பரவால்ல. நீங்க சாட்சிக்கு நில்லுங்கோ."

நின்றேன். எத்தனையோ பத்திரங்களுக்குச் சாட்சியாக நின்றிருக்கிறேன், செல்லாத ஒன்றுக்கு நின்றது இதுதான் முதல் தடவை. எஸ்தர் படி நிறையத் தவிட்டை அளந்து செல்வியின் மடியில் கொட்டினாள். செல்வி முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்து, அந்தோணியிடமிருந்த பிள்ளையைத் தன் கையால் வாங்கி, தன் கையால் எஸ்தரிடம் கொடுத்தாள். அவனுக்குத் தூசி ஏறித் தும்மல் வந்தது. எஸ்தர் அவனை மார்போடு அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றாள். அப்புறம் அன்று கோயில் வாசலில் நடக்காமல் போன அந்த மீதிப் பாதியைச் செய்தாள்.

"இந்தாடி, உம் புள்ள," என்று திருப்பிக் கொடுத்தாள்.

இலை போடுகிற நேரம் வந்தது. வந்தவர்கள் இடம் பார்த்து உட்காரத் தொடங்கினோம். செல்வி உள்ளேயிருந்து ஒரு புதுப் பாயைக் கொண்டுவந்து அறையின் நடுவில் விரித்தாள். வக்கீலம்மாவான என்னை அதில் உட்காரச் சொல்லி அந்தோணி கைகாட்டினார். செல்வி என்னைத் தாண்டிப் போய் எஸ்தரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தவுட்டம்மா, மொதல்ல நீ குந்து."